வீடு கட்டும்போது ஐந்து பூஜை எதற்கு?

மற்றவர்களுக்கும் புரிய, கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மயிலாடுதுறை பக்கத்தில் 1,200 சதுர அடியில் வீடு கட்டப்போகிறீர்கள். உங்களுக்கு வேலை சிங்கப்பூரில். ஊரில் அப்பாவும் மேஸ்திரியும்தான் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள். மனை பூஜை, நிலை வைப்பது, தளம் போடும் நாள், தச்சு கழிப்பது, கிரகப்பிரவேசம் என்று மேஸ்திரி ஐந்து செலவு சொல்கிறார். முதல் பூஜையை வருகிற ஐப்பசி 11 வாஸ்து நாளில் போட்டுவிடலாம் என்கிறார். இதனால் வேலைக்குப் பயன் உண்டா, இல்லை நாளையும் பணத்தையும் இழுக்கிற வழியா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் சாமி நம்பிக்கையைப் பற்றிக் கேட்பதாக எனக்குத் தோன்றவில்லை. கடல் தாண்டி இருக்கும்போது வேலை யார் கைப்பிடியில் இருக்கும் என்ற கவலைதான் கேள்விக்குள் இருக்கிறது. அதற்கு என்னால் பதில் சொல்ல முடியும்.

கும்பகோணத்தைச் சுற்றி 26 வருடமாக வீடு, கல்யாண மண்டபம், பள்ளிக்கூடக் கட்டடம் என்று கட்டி வருகிறேன். படித்தது சிவில். சில ஊர்க்கோயில் திருப்பணிகளில் ஸ்தபதிகளோடு சேர்ந்து மதில் வேலையும் தரை வேலையும் பார்த்திருக்கிறேன். ஜோதிடம் படித்தவன் இல்லை; எந்த நட்சத்திரத்தில் கடைக்கால் தோண்டினால் குடும்பம் செழிக்கும் என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமே விட்டுவிடுகிறேன். நல்ல நேரம் பார்த்து ஆரம்பித்த வீட்டில் சுவர் வெடித்ததும் உண்டு, நேரமே பார்க்காமல் கட்டிய வீடு ஊசி போல நிற்பதும் உண்டு. டெல்டாவில் வெடிப்பு வந்த வீடுகளில் நான் தேடிப் போனபோது கையில் அகப்பட்ட காரணம் பெரும்பாலும் மண்தான். ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்குகிற களிமண்ணுக்குப் பஞ்சாங்கம் தெரியாது.

ஆனாலும் ஐந்து பூஜையையும் வையுங்கள் என்றுதான் சொல்வேன். காரணம் இது. ஒரு வீட்டு வேலையில் குழி தோண்டுகிற ஆள், கம்பி கட்டுகிற ஆள், பலகை அடிக்கிற சென்ட்ரிங் ஆள், கான்கிரீட் கலக்குகிற மில்லர் செட், கொத்தனார், ஆசாரி, எலக்ட்ரீஷியன் எல்லாரும் தனித்தனி. ஒருவர் போன பிறகுதான் அடுத்தவர் வருவார். தப்பு வந்தால் போனவர் தலையில் போடுவது சுலபம். வருடம் முழுக்க இவர்கள் எல்லாரும் வீட்டுக்காரர் முன்னால் ஒரே நேரத்தில் நிற்கிற நாட்கள் இந்த ஐந்துதான். அன்று வேலை நின்றிருக்கும், இடம் கூட்டிப் பெருக்கியிருக்கும், நாளும் மணியும் ஒரு வாரம் முன்பே எல்லாருக்கும் தெரிந்திருக்கும். கூலியை நீங்கள் கொடுக்கிறீர்களோ இல்லையோ, அன்று வேட்டி துண்டு வாங்கிய கை அந்த வேலைக்குத் தன்னைப் பொறுப்பாக நினைத்துக்கொள்ளும். இதை நான் அளந்து பார்த்ததில்லை. இத்தனை வருடம் பார்த்துப் பார்த்து வந்த அபிப்பிராயம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் கோயில் திருப்பணியைப் பாருங்கள். வேலை தொடங்கும் முன் பாலாலயம் செய்வார்கள். தெய்வத்தைக் கும்பத்திலோ மரப்பலகையிலோ ஆவாகனம் செய்து வேறிடத்தில் வைத்து, பூஜையை அங்கே நடத்துவார்கள். பக்திக்கு அதன் பொருள் வேறு. வேலை பார்க்கிறவனுக்கு அது சாவி கொடுத்த மாதிரி. அன்றிலிருந்து சாரம் கட்டலாம், கல்லைப் பெயர்க்கலாம், வழிபாடும் நிற்காது. முடிவில் கும்பாபிஷேகம், அதற்கு ஒரு தேதி, அந்தத் தேதிக்குள் எல்லாரும் கையை எடுத்தாக வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலில் விமானத்து உச்சிக்கு ராஜராஜன் செப்புக்குடம் கொடுத்ததைக் கல்வெட்டு அவனுடைய 25-ஆம் ஆட்சியாண்டு, 275-ஆம் நாள் என்று எண்ணிச் சொல்கிறது. கி.பி. 1010 என்று நாம் சொல்வதற்கு அந்தக் கணக்குதான் ஆதாரம். கட்டிய பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பெயரும் அங்கே கல்லில் இருக்கிறது. நாள் குறிப்பதும் செய்தவன் பெயரைச் சொல்லி மரியாதை செய்வதும் இந்த மண்ணில் கட்டட வேலையோடு சேர்ந்தே வந்தவை. இது நமக்கு மட்டும் உள்ள பழக்கமும் இல்லை. ஜெர்மனியில் கூரைச் சட்டம் ஏறியதும் தச்சர்களுக்கு விருந்து வைப்பார்கள், ரிஷ்ட்ஃபெஸ்ட் என்று பெயர். ஜப்பானில் மண்ணில் கை வைக்கும் முன் ஜிச்சின்சாய் என்று பூமிக்கு ஒரு பூஜை. நாகூர்ப் பக்கம் கட்டியபோது பாத்திஹா ஓதித் தொடங்கினோம், வேளாங்கண்ணிப் பக்கம் ஜெபம் செய்து. வேலை நடக்கிற விதத்தில் எனக்கு வித்தியாசம் தெரிந்ததில்லை.

இனி ஒவ்வொன்றாக. மனை பூஜை பெரும்பாலும் ஈசானிய மூலையில்தான். குழி எடுத்து, செங்கல் வைத்து, நவதானியம், பஞ்சலோகம், பால், பூ எல்லாம் உள்ளே போகும். வேலைக்கு இது எதையும் செய்யாது. ஆனால் அந்தக் குழி கெடுதல் செய்யலாம். ஈசானிய மூலையில்தான் உங்கள் மூலைத் தூணின் ஃபுட்டிங்கும், அதாவது தூணைத் தாங்குகிற அடித்தளமும் வரும். பூஜைக்குழியைத் தளர்வாக மூடிவிட்டு அதன் மேலேயே கான்கிரீட் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். தானியம் மக்கும், தேங்காய் மக்கும், எலியும் கரையானும் வரும், அந்த மூலை மட்டும் இறங்கப் பார்க்கும். ஆகவே பூஜைக்குழியை ஃபுட்டிங் வராத இடத்தில், இரண்டடி உள்ளே தள்ளி எடுக்கச் சொல்லுங்கள். அய்யர் மறுக்க மாட்டார். அதே நாளில் மூலைக்கு மூலை முளை அடித்து நூல் கட்டி, 3-4-5 அளவில் (இரு பக்கம் 3, 4 அடி என்றால் குறுக்கே 5 அடி) மூலைமட்டம் பார்த்து, பக்கத்து மனைக்காரரையும் கூப்பிட்டு எல்லையைக் காட்டிவிட வேண்டும். அவர் கையில் ஒரு தாம்பூலத்தைக் கொடுத்து, நூல் எங்கே போகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். பிற்பாடு வருகிற வேலித் தகராறு பாதி அன்றே தீரும்.

எனக்கு மிகவும் பிடித்தது நிலை வைக்கிற நாள். திருவிடைமருதூர் பக்கத்தில் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். தேக்கு நிலை, மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, தலையில் நவதானிய முடிச்சும் மாவிலையும் கட்டித் தயாராக நிற்கிறது. முகூர்த்தம் முடிய இருபது நிமிடம். வயதான ஆசாரி பையிலிருந்து தூக்குக்குண்டை எடுத்து நிலையின் பக்கத்தில் பிடித்தார். குண்டு ஆடி ஓய்கிற வரைக்கும் யாரும் பேசவில்லை. அடியில் ஒரு நூல் விலகி நின்றது, எட்டில் ஒரு அங்குலம். 'ஆப்பைத் தளத்துங்க தம்பி' என்றார் கொத்தனாரிடம். வீட்டுக்காரரின் மாமா கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டி, 'ஆசாரி, நேரம் போவுது' என்றார். 'போவட்டுங்க. கோணலா வச்சா கதவு சாத்தாது, அப்புறம் என்னைத்தான் கூப்புடுவீங்க' என்று சொல்லிவிட்டு, ஆப்பைத் தட்டி, மறுபடி குண்டு பிடித்து, குறுக்கு மூலை இரண்டையும் டேப்பில் அளந்து, இரண்டும் ஒரே அளவு என்று பார்த்த பிறகுதான் சூடத்தை ஏற்றச் சொன்னார். முகூர்த்தத்துக்குள் வேலை முடிந்தது. அந்த வீட்டுத் தலைவாசல் கதவு இன்றைக்கும் ஒரு விரலால் தள்ளினால் சாத்துகிறது. நிலையின் அடிமட்டத்தை வைத்துத்தான் தரைமட்டம், கதவு ஜன்னலுக்கு மேலே வருகிற லிண்டலின் மட்டம், மற்ற கதவுகள் எல்லாம் வரும். அதனால் அன்றே லெவல் டியூபில் தண்ணீர் விட்டு எல்லாச் சுவரிலும் ஒரே மட்டத்தில் கோடு போட்டுவிட வேண்டும். அந்தக் கோட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்த ஒரு படம் இருந்தால் நீங்கள் சிங்கப்பூரிலிருந்தே பாதி விஷயத்தைக் கேட்டுவிடலாம்.

இதே நாளில் என் மனதை உறுத்துகிற இன்னொன்றும் நடக்கும். வீட்டுக்குச் சொந்தக்காரி விதவைத் தாயாக இருந்தால், 'நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க' என்று சொல்வார்கள். நகையை விற்று மனை வாங்கியவர் அவர்தான் என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கும். நான் பொறுப்பில் இருக்கிற வேலையில் நிலைக்கு முதல் பூ அந்த அம்மா கையால்தான். அதே போல வேட்டி துண்டு மேஸ்திரிக்கும் ஆசாரிக்கும் மட்டும் போகும். வெயிலில் செங்கல் சுமந்த சித்தாள் பெண்களுக்கு ஒரு டீயோடு சரி. அவர்களுக்கும் ஒரு புடவையும் தட்டில் வைத்த பணமும் கொடுங்கள். அப்பாவிடம் இதை மறக்காமல் சொல்லுங்கள்.

தளம், அதாவது மேற்கூரைக் கான்கிரீட் போடும் நாளில்தான் பூஜை நேராகத் தீங்கு செய்யக்கூடும், ஆகவே அதில் கறாராக இருங்கள். சிமெண்டில் தண்ணீர் பட்டால் அதற்குத் தனிக் கடிகாரம். ஆரம்ப இறுக்கத்துக்கு இந்தியத் தரவிதி கேட்கிற குறைந்தபட்ச நேரமே 30 நிமிடம்தான். நடைமுறையில் இன்னும் சற்று கூடக் கிடைக்கும், அதை நம்பி உட்காரக்கூடாது. முதல் சட்டியை வீட்டுக்காரர் போட்டுவிட்டு எல்லாரும் டிபன் சாப்பிடப் போய், ஒரு மணி நேரம் கழித்து மில்லரை ஓட்டினால், பழையதும் புதியதும் ஒட்டாமல் அந்த இடத்தில் ஒரு கோடு நிற்கும். பிறகு மழைநீர் அந்தக் கோடு வழியாகத்தான் இறங்கும். பூஜை, பூசணிக்காய், எலுமிச்சை எல்லாம் முதல் சிமெண்ட் மூட்டையைப் பிரிக்கும் முன் முடிய வேண்டும்; விருந்து கடைசிச் சட்டி போட்ட பிறகு. உடைத்த பூசணிக்காயை ரோட்டிலிருந்து அள்ளிவிடுங்கள், பைக்கில் வருகிறவர்கள் வழுக்கி விழுகிறார்கள். பூஜைக்கு முதல் நாள் சாயங்காலமே கம்பி வரைபடப்படி இருக்கிறதா, கம்பியைப் பலகையில் ஒட்டாமல் தூக்கிப் பிடிக்கிற கவர் பிளாக் வைத்திருக்கிறதா, தளத்தைத் தாங்குகிற முட்டு அசைகிறதா, கரண்ட் பைப் எல்லாம் போட்டாயிற்றா என்று பொறியாளர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாமல் சூடம் ஏற்றக்கூடாது என்பதை எங்கள் சைட்டில் வழக்கமாகவே ஆக்கிவிட்டோம். இப்போது மேஸ்திரிகளே 'கையெழுத்து ஆச்சா சார்?' என்று கேட்கிறார்கள். உங்கள் வீட்டுக்கு ஐந்து அங்குலத் தளம் என்றால் தளம் மட்டும் 500 கன அடி, ஏறக்குறைய 14 கன மீட்டர். பீமையும் சேர்த்தால் 16-ஐத் தாண்டும். அந்த அளவுக்குத் தரவிதி மூன்று மாதிரி எடுக்கச் சொல்கிறது, மாதிரிக்கு வலிமை சோதிக்க மூன்று கான்கிரீட் கட்டி, ஆக ஒன்பது. கட்டி எடுத்ததைப் பார்த்த பிறகு விருந்தில் உட்காரச் சொல்லுங்கள்.

முட்டுப் பிரிக்க நல்ல நாள் பார்க்கவே கூடாது. 4.5 மீட்டர் வரையான தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள், பீமுக்கு 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கும் மேல் 21 நாள் என்பது சாதா போர்ட்லாண்ட் சிமெண்டுக்கான குறைந்தபட்சம். இப்போது கடைகளில் அதிகம் கிடைக்கிற பிபிசி (PPC, போசோலானா கலந்த) சிமெண்டுக்கு நான் இன்னும் சில நாள் கூட்டித்தான் வைப்பேன். நாளைக்கு வளர்பிறை முடிகிறது, இன்றே பிரித்துவிடலாம் என்று யாராவது சொன்னால், அது அப்பாவே முன்னால் நின்று தடுக்க வேண்டிய இடம்.

தச்சு கழிப்பதை நகரத்தில் பலர் விட்டுவிட்டார்கள். கிரகப்பிரவேசத்துக்கு முந்தின இரவு, வேலை செய்தவர்களின் கருவிகளால் வீட்டுக்கு வந்த தோஷம் கழிவதற்காக ஆசாரியோ கொத்தனாரோ செய்வது. சிலர் கோழி அறுப்பார்கள், சிலர் பூசணியோடு நிறுத்திக்கொள்வார்கள். பூசணியே போதும். அதற்குப் பிறகு தொழிலாளி அந்த வீட்டுக்குள் தொழிலாளியாக நுழைவதில்லை என்பது இதன் உட்பொருள். எனக்கு இது கணக்கு முடிக்கிற நாள். அன்று பகலில் வீடு முழுக்க நடந்து, ஒட்டாத ஓடு, சாத்தாத ஜன்னல், சொட்டுகிற குழாய் என்று குறையை எழுதி, எவர் எப்போது சரிசெய்வது என்று பேசி, நூற்றுக்கு ஐந்தை மட்டும் நிறுத்திவைத்துப் பாக்கியை எல்லாருக்கும் கொடுத்துவிடுவோம். வாங்க வேண்டியதை வாங்கியவன் மனக்குறையோடு போகமாட்டான். தோஷம் கழிவது என்பதற்கு எனக்குத் தெரிந்த அர்த்தம் அதுதான். பணத்தையும் இந்த நாட்களோடு சேர்த்துக் கட்டிவிடலாம். பேஸ்மென்ட், லிண்டல், தளம், பூச்சு என்று வங்கி கடனை விடுவிக்கிற படிகளும் ஏறக்குறைய இவற்றோடுதான் பொருந்துகின்றன. பூஜைக்கு முன் சரிபார்ப்பு, பூஜைக்கு மறுநாள் பணம். ஒப்பந்தத்தில் இப்படியே எழுதுங்கள்.

கிரகப்பிரவேசத்தில் நானே ஒரு தவறு செய்திருக்கிறேன். மகனுக்கு லீவு அந்த வாரம்தான் என்று வீட்டுக்காரர் கேட்டதற்காக, பூச்சு காய்வதற்குள் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிக்கச் சம்மதித்தேன். விழா அழகாக நடந்தது. கார்த்திகை மழையில் வரவேற்பறைச் சுவர் முழுக்கக் கொப்புளம் போட்டு உரிந்தது. அந்த அம்மா சுவரைத் தடவிப் பார்த்தபடி நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. அதிலிருந்து, தளமும் பூச்சும் முடியாமல் கிரகப்பிரவேசப் பத்திரிகை அடிக்காதீர்கள் என்று முதல் நாளே சொல்லிவிடுகிறேன். உங்கள் லீவுக்காகத் தேதியை இழுக்க வேண்டாம். பாலை மட்டும் அப்பா அம்மா நல்ல நாளில் காய்ச்சட்டும், பெரிய விழாவை நீங்கள் வரும்போது வையுங்கள்.

அன்று வருகிற கூட்டத்தையும் நினைத்துப் பாருங்கள். 1997 ஜூனில் பெரிய கோயில் கும்பாபிஷேகத்தின்போது யாகசாலைப் பந்தலில் தீப்பிடித்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். தஞ்சை ஜில்லாக்காரர்கள் யாரும் அதை மறக்கவில்லை. வீட்டு ஹோமம் சிறியதுதான், ஆனாலும் தென்னங்கீற்றுப் பந்தலுக்கு அடியில் வேண்டாம். ஓட்டின் மேல் நேராக நெருப்பு வளர்த்தால் ஓடு வெடிக்கும். கீழே மணல் பரப்பி இரண்டு வரிசை செங்கல் அடுக்கிக்கொள்ளுங்கள். கோ பூஜைக்கு வருகிற மாடு வழுவழுப்பான ஓட்டில் கால் வைத்தால் சறுக்கும், வாசலிலிருந்தே நனைத்த கோணி விரியுங்கள். மாடிப்படிக்குக் கைப்பிடியும், சம்ப்புக்கும் செப்டிக் டேங்குக்கும் மூடியும் போடாமல் ஒரு குழந்தையைக் கூட உள்ளே விடாதீர்கள்.

கடைசியாக ஐப்பசி 11. வாஸ்து நாள் வருடத்தில் எட்டு: சித்திரை 10, வைகாசி 21, ஆடி 11, ஆவணி 6, ஐப்பசி 11, கார்த்திகை 8, தை 12, மாசி 22. அன்று வாஸ்து புருஷன் விழித்திருப்பது மூன்றே முக்கால் நாழிகை, அதாவது ஒன்றரை மணி நேரம் என்பது பஞ்சாங்கக் கணக்கு. எட்டும் பஞ்சாங்கத்துக்குச் சமம், ஆனால் டெல்டாவில் குழி தோண்டுகிறவனுக்குச் சமமில்லை. ஐப்பசி 11 அக்டோபர் கடைசியில் வரும். வடகிழக்குப் பருவமழை இறங்குகிற நேரம், ஆற்றிலும் வாய்க்காலிலும் தண்ணீர், நிலத்தடி நீர் மேலே. நாலடி தோண்டினால் குழி கிணறாகும். மோட்டார் வைத்து இறைத்து இறைத்து, சேற்றின் மேல் கான்கிரீட் போடுவார்கள். மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம்; அதற்குப் பிறகு வாய்க்காலில் தண்ணீர் குறையும். தை 12 ஜனவரி 25, 26 வாக்கில் வரும். மேஸ்திரியிடம் முகம் கோணாமல் சொல்லுங்கள்: 'பூஜை வேண்டாம்னு சொல்லலைங்க, தை 12-ல வச்சுக்கலாம்.' தோண்டுவதை மாசியில் தொடங்கினால் சித்திரைக்குள் பேஸ்மென்ட், ஆவணிக்குள் தளம், அடுத்த ஐப்பசி மழைக்குத் தலைக்கு மேல் கூரை. இடையில் இருக்கிற மாதங்களில் மண் பரிசோதனையை முடித்து, கம்பி வரைபடத்தை வாங்கி, அதில் ஒரு நகலை அப்பாவிடம் கொடுத்துவையுங்கள். மனை பூஜை அன்று முளை அடிக்கும்போது அது அவர் கையில் இருக்க வேண்டும்.